ரோதை முனியும் காமன் பொட்டலும்: தேயிலைத் தோட்டத்தில் வழிபாட்டின் தன்னாட்சி

ஆற்றுநீரின் வேகத்தில் சுழலும் பெரிய சக்கரம்தான் ஒரு காலத்தில் இலங்கை மலையகத்தில் ஸ்டோர்கள் எனப்படும் தேயிலை ஆலைகள் பலவற்றை ஓட்டியது. தோட்டத்துச் சனங்கள் அதை ரோதை என்றார்கள். வாரும் கப்பியும் பல்சக்கரமுமாக இரைந்துகொண்டிருந்த அந்த இடத்தில் கொஞ்சம் அசந்தால் கை போகும், ஆளும் போகலாம். அங்கே ஒரு முனி குடியேறினார். அவர் ரோதை முனி. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கப்பலேறியவர்களின் ஊர்களில் இப்படியொரு சாமி கிடையாது. முனியாண்டி இருந்தார், ஊரெல்லையில் மரத்தடியில் சுருட்டும் சாராயமும் வாங்கிக்கொண்டு காவல் நின்றார். மத்திய மலைநாட்டுக்கு வந்த பிறகுதான் அவர் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலைக்கு ஒரு கவ்வாத்துச் சாமி, கொழுந்துக்கு ஒரு கொழுந்துச் சாமி என்று தொழிலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தெய்வம் வந்தது. மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் மலையகத்து நாட்டுப்புறத் தெய்வங்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் இந்தப் பெயர்கள் பலவும் எழுத்தில் ஏறியிருக்காது. இவற்றை நாட்டாரியல் விநோதங்களாக எடுத்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. நிலமும் வீடும் வாக்கும் இல்லாத ஒரு சமூகம் தனக்கென்று கட்டிக்கொண்ட முதல் சுயாட்சி இந்தச் சாமிகளைச் சுற்றித்தான் உருவானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்படிப் புலம்பெயர்ந்த மண்ணில் உருவாகும் கலப்புச் சமயங்களைப் பற்றிய உலக ஆய்வுகள் பெரும்பாலும் அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்தே தொடங்குகின்றன. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் பிரேசிலில் கந்தோம்ப்ளேயையும் ஹெய்ட்டியில் வோடுவையும் வளர்த்தார்கள்; கத்தோலிக்கப் புனிதர்களின் முகங்களுக்குள் தங்கள் தெய்வங்களைக் குடிவைத்தார்கள். இவற்றில் தன்னாட்சிக்கு மிகத் தெளிவான சான்று கொலம்பியாவின் சான் பசிலியோ தே பலெங்கே. கார்த்தஹேனா துறைமுகத்திலிருந்து தப்பியோடியவர்கள் மரவேலி அடித்து அமைத்துக்கொண்ட ஊர்களின் வழியில் வந்தது அது. அவர்களுடைய தலைவர் பென்கோஸ் பியோஹோவை ஸ்பானிய ஆட்சி 1621இல் கொன்றது, ஊர் அழியவில்லை. தனக்கென ஒரு கிரியோல் மொழி, லும்பலு என்னும் இறப்புச் சடங்கு, கத்தோலிக்கப் புனிதர் ஒருவரின் பெயர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அது நிலைத்தது. 2005இல் யுனெஸ்கோ அந்த ஊரின் பண்பாட்டு வெளியை மானுடத்தின் மரபுச்செல்வமாக அறிவித்தது. பலெங்கேயின் கதையில் தன்னாட்சிக்கு மண்ணே துணை நின்றது. காடு இருந்தது, தொலைவு இருந்தது, ஓடி ஒளிய இடம் இருந்தது. இலங்கையிலேயே புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆப்பிரிக்க வழிவந்த சிறு சமூகம் ஒன்று போர்த்துக்கேயக் கிரியோல் பாடல்களை மஞ்ஞா என்ற இசையில் காத்துவந்திருக்கிறது; அங்கும் ஒதுங்கியிருக்க ஓர் ஊர் கிடைத்தது.

நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு ஓட இடமில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையை விட்டு ஓடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் துண்டு என்னும் கடன்சீட்டில் ஏறியது. துண்டு தீராமல் அடுத்த தோட்டம் எடுக்காது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை அதுதான் கண்ணுக்குத் தெரியாத வேலி. தப்பிப் போனவர்களின் தன்னாட்சியை விளக்கும் கோட்பாடுகள் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. தப்ப முடியாதவர்கள், கண்காணிப்பின் நடு மையத்திலேயே வாழ்ந்தவர்கள், தங்களுடையது என்று எதை உரிமை கொண்டாட முடிந்தது? தேயிலைத் தோட்டத்தின் அன்றாட அமைப்புக்குள் நுழையாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய இடப்பெயர்வு முதலில் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்புவதாகத்தான் இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த பயணத்தில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் பயிரே படுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி பறிப்புக் காலத்துக்கு மட்டும் ஆள் கேட்டது. தேயிலையோ ஆண்டு முழுக்க ஆள் கேட்டது. துளிர்க்கும் கொழுந்தை வாரந்தோறும் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும் என்பதால் பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாகத் தங்கினார்கள். லயங்கள் என்னும் வரிசை வீடுகள் எழுந்தன. காம்பிரா எனப்பட்ட ஒரே அறைக்குள் ஒரு குடும்பத்தின் பிறப்பு, சடங்கு, கலியாணம், சாவு எல்லாம் நடந்தன. பருவத்துக்கு வந்து போகிறவன் தன் சாமியை ஊரில் விட்டுவிட்டு வரலாம். பிள்ளை பெற்று, செத்தவரைப் புதைக்கிற இடத்தில் சாமி இல்லாமல் தீராது. மலையகத்தின் தெய்வ உலகம் தேயிலையோடு வேர்கொண்டதற்கு இந்தத் தொழிற்காரணமே அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது. பக்தி அதற்குப் பிறகுதான் வருகிறது.

தோட்டத்தில் நேரம் துரையுடையது. விடியுமுன் பிரட்டுக்குத் தப்படித்து எழுப்புவார்கள். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுத்த பிறகுதான் பேர், அதாவது ஒருநாள் கூலி, விழும். குறைந்தால் அரைப்பேர். சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதை நூலான 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' அந்த விடியற்காலத் தப்பொலியை மறக்க முடியாதபடி பதித்திருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அதே தப்புதான் மாசி மாதத்து இரவுகளில் காமன் கூத்துக்கும் அடிக்கப்படுகிறது என்பது. காலையில் ஆளை வேலைக்கு ஓட்டுகிற கருவி இரவில் ஆளைச் சாமி ஏறி ஆட வைக்கிறது. அடிப்பவரும் அநேகமாக அதே ஆள். தோட்ட நிருவாகம் தன் ஒழுங்குக்காக எடுத்துக்கொண்ட ஒன்றை மக்கள் தங்கள் ஒழுங்குக்காக மீட்டெடுப்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்றைத் தேட வேண்டியதில்லை. தொழில் தெய்வங்களும் இப்படித்தான். கவ்வாத்துக்கு முன் பூசை போடுவது, கவ்வாத்து வெட்டிய மலையில் புதிதாகத் துளிர்த்த கொழுந்தை முதல் நாள் கிள்ளுமுன் மலையோரத்தில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பது, ஆயுதபூசையன்று ஸ்டோர் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது ஆகிய எல்லாச் சடங்குகளும் ஒன்றைச் சொல்கின்றன: இந்த வேலையின் ஆபத்தையும் விளைச்சலையும் தீர்மானிக்கிற இன்னொரு அதிகாரம் இருக்கிறது, அதனிடம் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள். கணக்குப் புத்தகத்தில் இடமில்லாத உரிமை அது. துரையானாலும் கணக்கப்பிள்ளையானாலும் பூசை முடியும்வரை ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும்.

காமன் கூத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். இந்தக் கலப்பும் இந்தத் தன்னாட்சியும் அங்கேதான் முழு உருவம் கொள்கின்றன. மாசி அமாவாசையை அடுத்துக் காமன் ஊன்றுவார்கள். கம்பும் வைக்கோலும் இலைதழையும் சேர்த்துக் கட்டிய காமனை லயங்களுக்கு நடுவிலுள்ள வெட்டவெளியில் நடுவார்கள். அந்த வெளிக்கே காமன் பொட்டல் என்று பெயர். அதற்குப் பிறகு பௌர்ணமிவரை இரவுகள் பொட்டலுடையவை. ரதி, மன்மதன் வேடங்கட்டும் ஆண்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். தூதன் ஓலை கொண்டு ஓடி வருவான். வீரபத்திரன் சீறி வருவான். எமன் கயிற்றோடு வருவான். குறவனும் குறத்தியும் வருவார்கள். சிறுபிள்ளைகள் எமனைக் கண்டு காம்பிராவுக்குள் ஓடி ஒளிவதும், மறுபடி எட்டிப்பார்ப்பதும் கூத்தின் பகுதிதான். கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண் திறக்க, காமன் எரிவான். ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பிப்பார்கள். இத்தனை இரவும் கண்விழித்தவர்கள் விடிந்ததும் பிரட்டுக்குப் போய் நிற்பார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. பகல் தோட்டத்துக்கு விற்கப்பட்டிருந்தது. இரவை அவர்கள் விற்கவில்லை.

கதையின் உள்ளடக்கமும் தற்செயலானதாகத் தெரியவில்லை. மன்மதன் தன் இச்சையால் சிவனின் தவத்தைக் கலைக்கப் போகவில்லை. தேவர்கள் தங்கள் காரியத்துக்காக அவனை அனுப்பினார்கள். ஏவியவர்கள் பத்திரமாக இருக்க, ஏவலுக்குப் போனவன் சாம்பலானான். அவன் மனைவி மிகப் பெரிய அதிகாரத்தின் முன் நின்று நியாயம் கேட்டு, கணவனின் உயிரை ஓரளவேனும் மீட்டு வருகிறாள். கதை தமிழகத்திலிருந்து வந்ததுதான். தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாக லாவணி பாடுகிற மரபு இருக்கிறது. அங்கே அது பெரும்பாலும் புலமை விளையாட்டு. மலையகத்தில் கதையின் எடை ரதியின் புலம்பல் பக்கம் சாய்ந்திருப்பதாக நான் வாசிக்கிறேன். பிறருடைய காரியத்துக்காகக் கூட்டிவரப்பட்டு வழியிலும் காட்டிலும் மாண்டவர்களின் வாரிசுகள், ஆண்டுக்கொருமுறை ஒருவனை எரித்து, அழுது, உயிர்ப்பிக்கிறார்கள். பொன்னர் சங்கர் கூத்தும் இப்படியே. கொங்குநாட்டு அண்ணன்மார் கதையில் படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்புகிற காட்சி இருக்கிறது. மலையகத்திலும் அந்தப் படுகளம் போடப்படுகிறது. அர்ச்சுனன் தபசில் உயரமான மரத்தின்மேல் ஏறி நின்று வரம் கேட்கிறார்கள். மூன்று கூத்துகளிலும் சாவிலிருந்தோ இழப்பிலிருந்தோ ஒன்றை மீட்டு வருவதே மையம். இறக்குமதியான பெரும் கதைக் களஞ்சியத்திலிருந்து இவை மூன்றும் மலையகத்தில் முதன்மை பெற்றதற்குத் தேர்ந்தெடுத்த ஒரு மனம் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிராக முதலில் எழக்கூடிய கேள்வி கடுமையானது: தோட்டக் கோயில் நிருவாகத்தின் கருவிதானே? கோயிலுள்ள தோட்டத்தில் ஆள் நிலைத்து நிற்கும் என்பது துரைமாருக்குத் தெரியும். பெரியகங்காணிமார் கோயில் கட்டினார்கள். முதல் மாலை மரியாதை அவர்களுக்குப் போனது. தேர்த் திருவிழாவுக்குத் துரையைக் கூட்டிவந்து மாலை போட்டார்கள். கோயில் வரி செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. இவை எல்லாம் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அனுமதி யாரிடமிருந்து வந்தது என்பது மட்டும் அங்கே நடந்ததன் பொருளைத் தீர்மானித்துவிடாது. துரை விட்டுக்கொடுத்தது ஒரு துண்டு நிலமும் சில நாள் விடுப்பும். யாருக்குச் சாமி வரும், அந்தச் சாமி யாரைக் கூப்பிட்டு என்ன கேட்கும், யார் காப்புக் கட்டுவது, திருவிழாவுக்கு எந்த நாள் குறிப்பது, சண்டை போட்டுக்கொண்ட இரு லயங்களைப் பொட்டலில் எப்படி ஒன்றுசேர்ப்பது ஆகிய தீர்மானங்கள் எதுவும் அவன் கையில் இல்லை. கங்காணியின் கையிலும் அவை நிலைக்கவில்லை. துண்டு முறை போனபின், ஹட்டனை மையமாகக் கொண்டு கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டியபின், பிறகு 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரசு உருவானபின், தோட்டத்துக்குள் அதிகாரத்தின் முகம் மாறியது. கங்காணி நின்ற இடத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வந்து நின்றார். நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை மக்கள் அறிந்த மெட்டுகளில் உரிமைப் பாட்டுகளைக் கட்டிக் கூட்டங்களில் பாடியபோது, கூடிக் கேட்கவும் கூடிப் பாடவும் பழகிய மக்கள் அவர்முன் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தைத் தந்தவற்றில் தொழிற்சங்கத்துக்கு மூத்தது காமன் பொட்டல்.

இரண்டாவது ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. இது கலப்பே அல்ல. தமிழகத்துச் சிறுதெய்வ வழிபாடு அப்படியே பெயர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது அது. தேயிலைத் தோட்டங்களைக் கரும்புத் தோட்டங்களோடு ஒப்பிட்டால் இந்தக் கூற்று நிற்காது. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் மார்தினிக், குவாதலூப், ரியூனியன், மொரிசியசு, கயானா என்று எங்கெங்கோ போனார்கள். எல்லா இடத்துக்கும் மாரியம்மனும் மதுரைவீரனும் முனியும் கூடவே போனார்கள். குவாதலூப்பிலும் மார்தினிக்கிலும் மாரியம்மன் மலியெமென் ஆனாள். நாகூர் ஆண்டவர் நாகூமிலா என்ற தெய்வமாகி இந்துச் சடங்குக்குள்ளேயே நின்றார். பூசாரிகள் சொல்லும் தமிழின் பொருள் அங்கே பெரும்பாலோருக்குப் புரியாது. சடங்கு மட்டும் நிலைத்தது. மலையகத்தில் தமிழ் அன்றாட மொழியாக நின்றதால், புதிய தெய்வங்களைப் படைக்கவும் பழைய கதைகளுக்குப் புதிய அழுத்தம் தரவும் முடிந்தது. ஒரே மூலத்திலிருந்து புறப்பட்டவை ஒவ்வொரு தோட்ட மண்ணிலும் வேறு வேறாக முளைத்தன என்றால், அதை வெறும் பெயர்ப்பு என்று சொல்ல முடியாது. அதோடு மலையகத்தில் இன்னொரு கலப்பும் நடந்திருக்கிறது. மதுரைக்காரனும் சேலத்துக்காரனும் தஞ்சாவூர்க்காரனும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் வாழ்ந்தபோது, கொங்கு அண்ணன்மாரும் காவிரிக் கரைக் காமனும் ஒரே பொட்டலில் ஆடினார்கள். தமிழகத்தில் வட்டார எல்லைக்குள் இருந்தவை இங்கே ஒரு மக்களின் பொதுச்சொத்தாயின. மலையகத் தமிழர் என்று பின்னாளில் பெயர் பெற்ற அடையாளத்தின் முதல் ஒத்திகைகள் அந்த இரவுகளில் நடந்தன.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த வாதத்தை நேர்மையாக நடத்த முடியாது. ஆர். ஜெயராமனும் பின்னர் ஒட்வார் ஹொல்லுப்பும் செய்த களஆய்வுகள், தோட்டத்திலும் சாதி தொடர்ந்ததைத் தெளிவாகக் காட்டின. லயங்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. கங்காணிமார் பெரும்பாலும் மேல்சாதியார். தப்படிப்பது பறையர் கடமையாக்கப்பட்டது. கூத்தின் உயிரே தப்பு. அதை அடித்தவருக்குக் கோயிலில் கிடைத்ததோ கடைசி இடம். பெண்களின் நிலையும் எளிதானதல்ல. தோட்டத்தின் வருமானத்தைக் கொழுந்துக் கூடையில் சுமப்பவர்கள் பெண்கள். பொட்டலில் ரதியாக ஆடுபவர் ஆண். பால்குடமும் தீமிதியும் அருள்வாக்கும் பெண்களுக்குத் திறந்திருக்கின்றன, கோயிற் குழுவின் நாற்காலிகள் அவ்வளவாகத் திறக்கவில்லை. ஆகவே தன்னாட்சி என்று நான் சொல்வது சமத்துவம் என்று பொருள்படாது. ஒரு சமூகம் தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கிறது என்றால், தன் அநீதிகளையும் தானே நடத்துகிறது என்றுதான் ஆகும். ஆனால் தப்பைத் தாழ்வின் அடையாளமாகக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதை மேடையில் தங்கள் கலை என்று எடுத்து அடிக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த சீர்திருத்தம் எதுவும் இவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது.

அண்டை மதங்களோடு இருந்த உறவைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம்தான் இங்கே இடைஞ்சல். 1854இல் தொடங்கிய ஆங்கிலிக்கத் தமிழ்க் கூலி மிஷன் தோட்டந்தோறும் போதகர்களை அனுப்பியது. மதம் மாறியவர்கள் குறைவு. நுவரெலியா மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படியும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் இந்துக்கள். ஆனால் அந்தோனியாருக்கு நேர்ந்துகொள்வதற்கு மதம் மாற வேண்டும் என்று தோட்டத்தில் யாரும் நினைத்ததில்லை. சாமிப் படங்களோடு அவரும் காம்பிராச் சுவரில் இருப்பார். கதிர்காமத்துக்குச் சிங்களவரும் தமிழரும் போகிறார்கள். மஸ்கெலியாவுக்கு மேலே எழும் சிவனொளிபாதமலையில் டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாதத்து வெசாக்வரை பௌத்தரும் இந்துவும் கிறித்தவரும் முசுலிமும் ஒரே படியில் ஏறுகிறார்கள். ஏறும் பாதை நல்லதண்ணித் தோட்டப்புறத்தைத் தொட்டே போகிறது. இந்தக் காட்சியைச் சமய நல்லிணக்கத்தின் அத்தாட்சியாக நீட்டுபவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியபோதும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைத் தலைக்கணக்காகப் பிரித்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோதும், 1983 இன வன்முறையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் சேதமுற்றபோதும், கதிர்காமமும் சிவனொளிபாதமும் அங்கேயேதான் இருந்தன. சேர்ந்து கும்பிடுவது அருமையானதுதான். குடியுரிமையின் இடத்தை அது நிரப்பாது. கலப்பு வழிபாட்டைத் தன்னாட்சிக்குச் சான்றாக எடுக்கும்போது, யார் யாருடைய வாசலில் போய் நிற்கிறார்கள், வாசல் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

இன்றைய மாற்றங்களை அளப்பதற்கும் அந்தக் கேள்விதான் அளவுகோல். தோட்டக் கோயில்கள் ஆகமக் கோயில்களாகிவருகின்றன. மரத்தடி முனிக்குச் சீமெந்துக் கோபுரமும் ஐயரும் கும்பாபிஷேகமும் வருகின்றன. இதை மேல்நிலையாக்கம் என்று சொல்லி மக்களை ஏமாந்தவர்களாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஓட்டைத் தகரத்துக்குக் கீழே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் தங்கள் சாமிக்காவது நல்ல கூரை வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. கவலைப்பட வேண்டியது அதிகாரம் கைமாறுவதைப் பற்றி. கோபுரம் கட்ட வெளியூர்க் கொடையாளரும் அரசியல்வாதியும் தேவைப்படுகிறார்கள். அவர்கள் வந்தபின், ஆட்டுக்கிடாய் வெட்டலாமா, கோடாங்கி உடுக்கடிக்கலாமா என்ற தீர்மானம் லயத்தை விட்டுப் போய்விடுகிறது. சீதாஎலியாவில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஹக்கலவுக்கு அருகே ஓடைக்கரையில் இருந்த சீதையம்மன் கோயில் இப்போது இராமாயணச் சுற்றுலாவின் முக்கிய நிறுத்தம். 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீர் வந்தது. ரம்பொடையில் சின்மயா மிஷன் அனுமாருக்குக் கோயில் எழுப்பியிருக்கிறது. சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர் இந்த மலைகளில் இராவணனையும் சீதையையும் பார்த்துப் போகிறார். இருநூறு ஆண்டாக இந்த மலையில் உழைத்தவர்களின் ரோதை முனி அந்தப் பாதையில் இல்லை.

ஆனால் மிகப் பெரிய நெருக்கடி நிலம்தான். ஒரு தோட்டத்துக் காமன் பொட்டல் யாருடையது? 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்புக்குப் போயின. இந்த மாற்றங்கள் எதிலும் பொட்டல் அதில் ஆடுகிறவர்களின் பெயருக்கு வரவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை பெற வழிதிறந்தது. அப்போதும் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணி செய்ய 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாகவே நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. கொலம்பியா 1993இல் 70ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஆப்பிரிக்க வழிவந்த சமூகங்களின் கூட்டு நிலவுரிமையை ஏற்றது. பலெங்கேயின் பண்பாட்டுக்கு யுனெஸ்கோ கொடுத்த பட்டத்தைவிட அந்த நாட்டின் நிலச்சட்டமே நமக்கு முக்கியமான பாடம். மலையகத்தில் இப்போது குடும்பத்துக்கு இத்தனை பேர்ச் என்று காணி அளந்து தனிவீடுகள் கட்டப்படுகின்றன. லயத்தை விட்டு வெளியேறுவது நீண்ட போராட்டத்தின் பயன். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பொட்டல் லயங்களுக்கு நடுவில் இருந்தது. லயம் கலைந்து வீடுகள் மலைச்சரிவில் சிதறும்போது அந்த வெளி வெற்றிடமாகி, தேயிலை நடுவதற்கோ கட்டடத்துக்கோ போய்விடும். வீட்டுக்காணியை அளக்கும் அதே நாளில் காமன் பொட்டலையும் முனி நிற்கிற மரத்தடியையும் இடுகாட்டையும் அளந்து, தோட்ட மக்களின் பொதுக்காணியாக, கோயிற் குழுவில் பெண்களுக்கும் தப்புக் கலைஞர்களுக்கும் இடம் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ் பிரதேச சபைகள் இதற்கு முன்கை எடுக்கலாம். இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் கோயில் பதிவோடு காணிப் பதிவையும் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம்.